தீவுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு

"ஃபூ குவோக் தீவுல, கடற்கரை மணல்ல என் பொண்ணுக்குக் கல்யாணமாம். ஹை ஹீல்ஸ் போட்டுட்டுப் போய்ப் புதைஞ்சு நிக்காதே, லோவான்!" ஹனோயிலிருந்து தங்கைக்குப் போனில் புத்தி சொன்னாள் துயெட். "காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், முடி அலங்காரமெல்லாம் வேண்டாம். திரும்பும்போது அங்க பேர்போன மீன் சாஸ் பாட்டில் வாங்காதே, விமானத்துல புடுங்கிடுவான். ஹனோய்லயே வச்சா சொந்தக்காரங்க எல்லாரும் வந்து தொலைச்சிடுவாங்களே, அதான் தீவு!"

"சரிக்கா, நீ எந்த விமானத்துல வர்றே?"

"நானா? கட்டிக் குடுத்த பொண்ணு பின்னாடியே பெத்தவ போகக் கூடாதாம். நம்ம வழக்கத்தைச் சம்பந்தியம்மா ஞாபகப்படுத்தினாங்க. மணல்ல மேடை போட மட்டும் எந்த வழக்கமும் குறுக்க வரல!"

அவள் போனை வைத்ததும் மகள் தியெப் ஒரு பெட்டியை இழுத்துவந்து எதிரில் நிறுத்தினாள்.

"அம்மா, கிளம்பு. டாக்சி வந்தாச்சு. உன் துணியெல்லாம் இதுல இருக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? கல்யாணப் பொண்ணு பின்னாடி அம்மா வரக் கூடாதுடி!"

"பின்னாடி யாரு வரச் சொன்னா? நான் நாளைக்குத்தான் வர்றேன். நீ முன்னாடி போ!"