யாரும் சொன்னதில்லை

குப்புறப் படுத்துக்கொண்டு கோபப்படுவது லேசான காரியமில்லை.

முகம் தலையணையில் புதைந்திருக்கிறது. வாயைத் திறந்தால் உறையின் சோப்பு வாசனை உள்ளே போகிறது. எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, கால்தான் தெரியும்.

டிரைவரம்மா டாக்டரின் பழுப்பு ஷூவைப் பார்த்துத்தான் பேசினார்.

"மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு டாக்டர். கியர் மாத்த ரெண்டு கை கேக்குது. பத்து நாளா லீவுல இருக்கேன்."

இருபத்திரண்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. அது திரும்பி வராமலிருக்க வாரம் ஒருமுறை குழாய் வழியாக உள்ளே மருந்து விடுகிறார்கள். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு ஒருதரம் புரண்டு படுக்க வேண்டும். மருந்து எல்லாப் பக்கமும் படவேண்டுமாம்.

இன்று ஐந்தாவது முறை.

எரிச்சலைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. எரியும் என்றார்கள், எரிந்தது. கழிப்பறைக்கு ஓடுவீர்கள் என்றார்கள், ஓடினார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவைதான் அவரை வதைத்தன. மூன்றாவது வாரம் குதிகால். அப்புறம் முழங்கால். இப்போது மணிக்கட்டு.

முதல் தடவை சொன்னபோது, வயசாகுதில்ல என்றார் டாக்டர். அடுத்த தடவை, பாதி வலி மனசுலதான் இருக்கு, கவலைய விடுங்க என்றார்.

வீட்டில் கணவரும் தைலம் தேய்த்துக்கொண்டே, "மனச லேசா வச்சுக்கோ" என்றார்.

ஒருநாள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி பாதியில் நின்று, நிஜமாகவே வலிக்கிறதா, நான்தான் பெரிசு பண்ணுகிறேனா என்று தன்னையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

டிப்போவில் வண்டியில் சத்தம் வருகிறது என்று அவர் எழுதிக்கொடுத்து, எந்த மெக்கானிக்காவது அப்படி ஒன்றும் இல்லையே என்றால், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்வரை ஊரைச் சுற்றுவார். இங்கே யாரை எங்கே உட்காரவைப்பது?

இதுவரை கதவு சாத்திய அறையில்தான் கேட்டிருந்தார். இன்று டாக்டர் தற்செயலாக வார்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

பழுப்பு ஷூ போவதற்குத் திரும்பியது.

"இந்த மருந்து அந்தப் பையை விட்டு வெளிய போகாதும்மா. மூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல."

"நான் சொன்னேனே."

குரல் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த கட்டிலில் இருப்பவர் பூட்டுக் கடைக்காரர்.

"போன மாசம் சொன்னேன், முழங்கைன்னு. என்கிட்டயும் இதேதான். யாரும் சொன்னதில்லன்னு."

"எனக்குக் கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்துச்சு" என்றார் கடைசிக் கட்டிலில் இருந்த வாத்தியார். "குதிகாலத் தரையில வைக்க முடியல. எனக்கும் மனசுதான்னு சொல்லிட்டீங்க."

யாராலும் எழுந்திருக்க முடியாது. திரைகள் மூடியபடியே இருந்தன.

ஐந்து வாரமாக ஒருவர் இருமினால் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில், ஒரே மருந்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தனக்கு மட்டும்தான் என்று ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டிரைவரம்மாவுக்கு ஆத்திரத்தோடு சிரிப்பும் வந்தது. சிரிக்கவும் முடியாது. சிரித்தால் அடக்கியதெல்லாம் போய்விடும்.

"என் காதுக்கு வரலையே" என்றார் டாக்டர். குரலில் பொய் இல்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேஜையில் சிஸ்டரின் கடிகாரம் மணி அடித்தது. எல்லாரும் முனகிக்கொண்டே வலப்பக்கம் புரண்டார்கள். இப்போதுதான் டிரைவரம்மாவுக்கு டாக்டரின் முகம் தெரிந்தது. நினைத்ததைவிடச் சின்ன வயசு.

சிஸ்டர் ஃபைல்களைக் கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

"எல்லாரும் சொன்னாங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் நான் எழுதியிருக்கேன். கீழ உங்க கையெழுத்து இருக்கு."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, முதல்முறையாக, டிரைவரம்மாவின் மணிக்கட்டைத் தொட்டு அழுத்தினார். வலியில் அந்த அம்மா போட்ட சத்தத்தில் பூட்டுக் கடைக்காரர், "பாத்து, பாத்து" என்றார்.

"அடுத்த வாரம் மருந்து வேணாம். நிறுத்திவைப்போம். ரத்தம் எடுக்கணும். மூட்டு டாக்டர் உங்க மூணு பேரையும் பாக்கட்டும்."

ஜெயித்துவிட்டதாகத்தான் டிரைவரம்மா நினைத்தார்.

அடியில் இன்னொரு ஃபைல் இருந்தது. டாக்டர் அதையும் பிரித்தார். இடுப்பு வலி, காய்ச்சல், நடக்க முடியவில்லை என்று மூன்று தேதிகளில் எழுதியிருந்தது. மூன்றிலும் கையெழுத்து.

"இவர் எந்தக் கட்டில்?"

சிஸ்டர் டிரைவரம்மா படுத்திருந்த கட்டிலைக் காட்டினார்.

"போன வருஷம் இதுல இருந்தவர். வலி மனசுலதான்னு சொன்னதும், எனக்குத் தாங்குற தெம்பு இல்லன்னு பாதியிலேயே மருந்த விட்டுட்டார். இப்ப மூணாவது மாடியில இருக்கார். கட்டி திரும்பி வந்து, பையையே எடுத்தாச்சு."

டாக்டர் ஃபைலை மூடவில்லை. படிக்கவுமில்லை.

"எந்த ரூம் சிஸ்டர்?" என்றார் டிரைவரம்மா. "வலி மனசுல இல்லன்னு அவருக்கு யாராவது சொல்லணும்ல."