வழுக்கை விழுந்த புல்தரை

"அது நாயா, மாடா? அதை முதல்ல சொல்லுங்க தம்பி!"

வீட்டுக்காரர் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு கத்தினார். மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக், வாயில் பல் தேய்த்த நுரையோடு ஓடி வந்தார்.

"நாய்தான் சார்."

"நாய்னா எலும்பைத் தின்னணும். என் புல்தரையை ஏன் திங்குது? அந்தக் கல் பெஞ்சுகிட்ட வந்து பாருங்க. என் தலையிலயாவது நாலு முடி மிச்சமிருக்கு!"

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். உண்மைதான். பெஞ்சோரம் புல்தரை வழுக்கை விழுந்து கிடந்தது. அதன் நடுவில் அவருடைய நாய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, ரசித்து மென்றுகொண்டிருந்தது. நாயின் பெயர் மாப்பிள்ளை. வேளாவேளைக்குத் தின்பது, தூங்குவது, யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கோபித்துக்கொண்டு மூலையில் போய்ப் படுப்பது... இதெல்லாம் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்.

"மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும். அவ்வளவுதான்!"

மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. நாயோடு வாடகைக்கு வீடு தேடுவதென்ன லேசுப்பட்ட காரியமா? இந்த வீட்டுக்கே தெருத்தெருவாக அலைந்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் வந்தார். அதற்காக மாப்பிள்ளையைக் கண்காணாத இடத்தில் விட்டுவிட்டு வருவதா?

அன்றிலிருந்து மனிதர் படாத பாடு இல்லை. பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டினார். மாப்பிள்ளை குனிந்து உள்ளே போனது. சாப்பாட்டைக் கூட்டிப் போட்டார். அதையும் தின்றுவிட்டுப் புல்லுக்கும் போனது. வாசலில் கட்டிப்போட்டார், குரைத்தே ஊரைக் கூட்டிவிட்டது.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

"நாய் புல்லு திங்கிறது சகஜம்தான்," என்றார் டாக்டர். "ஆனா ஒரு இடத்தைத் தேடிப் போய்த் திங்குதுன்னா, அங்கே என்னமோ இருக்குன்னு அர்த்தம். பூச்சி மருந்து கிருந்து தெளிச்சிருக்காங்களான்னு பாருங்க. உள்ள போச்சுன்னா ஆபத்து."

மெக்கானிக் அடித்துப் பிடித்துக் கிளம்பினார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாப்பிள்ளையைக் கேட்டில் கட்டினார். நேரே பெஞ்சோரம் போய் மண்டியிட்டு, புல்லில் மூக்கை வைத்தார்.

"அய்யய்யோ! தம்பி, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சத்தம் கேட்டு வீட்டுக்காரரும் வந்தார்.

"மருந்து வாசனை அடிக்குதான்னு பார்த்தேம்மா."

"அடிக்குதா?"

"இல்லம்மா... வந்து..." மெக்கானிக் மென்று விழுங்கினார். "பொரிச்ச கோழி வாசனை அடிக்குது."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

இதில் ஒரு சங்கதி உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே கொழுப்பு என்று அவர்களுடைய டாக்டரே எப்போதோ சொல்லிவிட்டார். அன்றைக்கே இருவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். இனிமேல் கறி இல்லை, மீன் இல்லை, வேகவைத்த காய்தான். இந்தப் பெருமையை வீட்டுக்காரர் மெக்கானிக்கைப் படியில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வார்.

அம்மா குனிந்தார். மோந்து பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார்.

"காக்கா எதையாவது கொண்டுவந்து போட்டிருக்கும்," என்றார் வீட்டுக்காரர்.

"காக்கா தின்னுட்டுப் புல்லுல கை துடைக்குமா? எங்கே, உங்க கையைக் காட்டுங்க!"

காட்டினார். நகக்கண்ணில் மசாலா இருந்தது.

"காத்தாட உட்கார்ந்துட்டு வரேன்னு தினம் பெஞ்சுக்கு வந்தது இதுக்குத்தானா? குழாயில கழுவினா நான் பார்த்துடுவேன்னு புல்லுல துடைச்சீங்களாக்கும்! உங்களுக்காக நானும் நாக்கைக் கட்டிப் போட்டுட்டு, உப்புச் சப்பில்லாததைத் தின்னுட்டுக் கிடக்கேன். நீங்க மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு, பழியைத் தூக்கி வாயில்லாப் பிராணி மேல போட்டீங்களே! இது அடுக்குமா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். மெக்கானிக்குக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்கம்மா. ஏதோ ஆசைப்பட்டுட்டாரு."

"நீங்க சும்மா இருங்க தம்பி. இந்த நாய் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. நான் சொல்றேன். இது நாயில்ல, போலீஸ்! இன்னும் எங்கெங்கே துடைச்சு வச்சிருக்காருன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

விறுவிறுவென்று கேட்டுக்குப் போய், தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

மாப்பிள்ளை பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு நேரே துணிக்கொடிக்குப் போனது. தொங்கிய போர்வைக்குப் பின்னால் புகுந்தது. மூன்று பேரும் பின்னாலேயே போய்ப் போர்வையை விலக்கினார்கள். அங்கேயும் ஒரு வழுக்கை. அங்கேயும் கண்ணை மூடி ஒரே மெல்லல்.

"சத்தியமா இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல!" என்றார் வீட்டுக்காரர். "துணி காயப்போட நீதானே..."

பேச்சு பாதியில் நின்றது. மண்டியிட்டார். மூக்கைப் புல்லில் வைத்தார்.

"தம்பி!" அம்மாவின் குரல் கீச்சென்று வந்தது. "மாசக் கடைசி வரைக்கும் எல்லாம் வேண்டாம். இந்த நாயை இப்பவே எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க!"

"அது எங்கேயும் போகாது!"

எழுந்த வீட்டுக்காரர் முகத்தில் கோபமே இல்லை. வாயெல்லாம் பல். மனைவியின் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வறுத்த மீனு... எந்தக் கடை?"