இரண்டு தடவை அழுத்தினால்

“அக்கா, ‘தேறியது’ன்னு ஒரு டிக் அடிச்சா உங்க கை என்ன ஒடிஞ்சா போயிடும்?”

முன்பு பேங்க்கில் இருந்து, இப்போது கூடப் படிக்கும் பேங்க்காரர் கேட்டதும் வகுப்பிலிருந்த மற்ற மூன்று பேரும் தலையைத் தூக்கினார்கள்.

டோக்கன் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒடியாது தம்பி. ஆனா அப்புறம் அந்தக் கையால சாமி கும்பிட முடியாது.”

பதினாறு வருடம் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவர் அவர். எல்லோரும் இணையத்திலேயே பதிவு செய்யத் தொடங்கியதும் மேஜையையும் எடுத்துவிட்டார்கள், அவரையும் அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்க வந்தார். மூன்று மாதப் பயிற்சி, ஐந்து பேர். முடிவில் ஒரே ஒருவருக்குத்தான் டெஸ்டர் வேலை. அது கிடைக்காவிட்டால் மகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

இன்று கடைசித் தேர்வு. டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்யும் இணையப் பக்கம் ஒன்றை, போன வாரம் ஆளுக்கொன்றாக உருவாக்கியிருந்தார்கள். “பேரை எல்லாம் எடுத்துட்டு, கலைச்சுக் குடுத்திருக்கேன். யாருது யார்கிட்ட இருக்குன்னு பேசிக்கக் கூடாது. சோதிச்சு ரிப்போர்ட் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் வெளியே போயிருந்தார்.

“அப்படி என்னதான் குறை கண்டுபிடிச்சீங்க?” என்றார் பேங்க்காரர்.

“பதிவு பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா ரெண்டு டோக்கன் விழுது.”

“எவன் ரெண்டு தடவை அழுத்துவான்?”

“கை நடுங்கறவங்க அழுத்துவாங்க. நெட் இழுத்துக்கிட்டு நின்னா நீங்களே பத்து தடவை அழுத்துவீங்க. ஒருத்தருக்கே ரெண்டு டோக்கன் போனா, கடைசியா நிக்கிறவருக்கு இன்னிக்கு டாக்டர் கிடையாது. அந்தக் கடைசி ஆள் மூஞ்சியைப் பதினாறு வருஷமா நான்தானே பாத்தேன்?”

வகுப்பிலேயே இளையவளான பெண் மெல்லச் சொன்னாள். “நாங்க நாலு பேரும் ‘தேறியது’ன்னு போட்டு அனுப்பிட்டோம்க்கா. நீங்க மட்டும் மாத்திப் போட்டா, அந்தப் பக்கத்தைச் செஞ்சவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாவம் இல்லையா?” அவள் குரல் உடைந்தது.

அக்கா எழுந்து போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். “பாவம்தான் கண்ணு. அந்த ஆளுக்கு இந்த வேலை கிடைக்கணும்னு உன்னைவிட எனக்குத்தான் ஆசை. காலையிலேர்ந்து வேண்டாத தெய்வமில்ல.”

“அப்புறம் என்னக்கா? போட்டுடுங்க!”

“மாட்டேன்.”

“வந்துட்டாங்கப்பா, உலகத்தைத் திருத்த!” பேங்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உலகம் கிடக்கட்டும் தம்பி. இந்த ஒரு பட்டனைத் திருத்தினா எனக்குப் போதும்.”

நாற்காலிக்குத் திரும்பினார். ‘தேறவில்லை’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் பயிற்சியாளர் வந்து ஐந்து ரிப்போர்ட்டையும் படித்தார். “நாலு பேர், ஒரு குறைகூட இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் மட்டும் ‘தேறவில்லை’ன்னு எழுதியிருக்காங்க.” அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். “இந்த வேலை உங்களுக்குத்தாம்மா.”

பேங்க்காரர் துள்ளி எழுந்தார். “அடுத்தவங்க பொழைப்புல மண்ணைப் போட்டவங்களுக்கா சார் வேலை?”

“அடுத்தவங்க யாரு?” என்றார் பயிற்சியாளர். “நான் எதையும் கலைக்கவே இல்ல. அவங்கவங்க செஞ்ச பக்கத்தைத்தான் அவங்கவங்ககிட்டயே குடுத்தேன்.”