வெளியே பனி

மலைச் சரிவில் பனி இலவம்பஞ்சுபோல் விழுந்துகொண்டிருந்தது. வசுமதியின் கார் மெல்ல இறங்கியது. அந்தக் காரில் எப்போது கியர் மாற்றுவது என்பதைக் கியர்பெட்டியே முடிவு செய்யும். வழக்கம்போல் அது மேல் கியருக்குத் தாவியது.

"அண்ணே, வழுக்குதுண்ணே!" என்று அலறியது முன்சக்கரம்.

"எனக்குத் தெரியாததா? பேசாம உருளு" என்றது கியர்பெட்டி.

வண்டி பள்ளத்தின் பக்கம் நழுவத் தொடங்கியது. வசுமதி பதறவில்லை. கியர் லீவரைத் தானே மெதுவாக இழுத்து, கியர்பெட்டி மாற்ற முடியாதபடி இரண்டாம் கியரில் நிறுத்தினாள். கியர்பெட்டி கோபத்தில் உறுமிப் பார்த்தது. அவள் கை அசையவில்லை. சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டது.

வெண்மைக்குள் கார் மிதப்பதுபோல் இறங்கியது. உறுமல் அடங்கிய கியர்பெட்டி தாழ்ந்த குரலில் கேட்டது:

"தம்பி, இந்தப் பனி எப்படிப்பா இருக்கும்? உள்ளேயே அடைஞ்சு கிடக்கிற நான் பார்த்ததே இல்லை."

சக்கரம் உருண்டபடியே சொல்ல ஆரம்பித்தது.