டிரைவரின் ஜீப்

"அப்பாவைக் கொல்றதுக்கு உனக்கு வேற வழியே கிடைக்கலையா?"

கேட்டைத் திறக்கும்போதே அண்ணன் கத்தினான். ஜீப்பின் பானெட்டுக்குள் பாதி உடம்பைக் கொடுத்திருந்த தங்கை நிமிரவில்லை. பதில் ஜீப்புக்கு அடியிலிருந்து வந்தது.

"யாரைடா கொல்றது? நான் இங்கதான் படுத்திருக்கேன். அந்தச் சின்ன ஸ்பேனரை எடுத்துக் குடுத்துட்டு அப்புறமா கத்து."

அண்ணன் ஸ்பேனரைக் காலால் தள்ளிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக் கேட்டருகே இழுத்துப் போனான்.

"போன மாசம் அப்பா ஜீப்பை விட்டப்போ பால் வண்டிக்காரன் மட்டும் ஒதுங்கிக் குதிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?"

"தெரியும்."

"அப்பாவுக்கு இடது கண்ணு பாதிதான் தெரியுதுன்னு டாக்டர் சொன்னப்போ நீயும்தானே பக்கத்துல இருந்தே?"

"இருந்தேன்."

"பழைய பெட்ரோல் இஞ்ஜின் உட்கார்ந்ததும் சனியன் விட்டுதுன்னு நிம்மதியாத் தூங்கினேன். நீ என்னடான்னா டீசல் இஞ்ஜினைத் தூக்கிட்டு வந்து மாட்டிட்டிருக்கே. பார்த்தாலே பயமா இருக்கு, யானைக்குட்டி மாதிரி!"

"யானைதான். மலையையே இழுக்கும்."

"உனக்குச் சிரிப்பா இருக்கா? கேட்டுக்கோ. இன்னிக்கு இது ஸ்டார்ட் ஆகலன்னா, நாளைக்கு இரும்புக் கடைக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான்."

"ஆச்சுன்னா அப்பாதான் ஓட்டுவார். நீயும் நின்னு பார்ப்பே."

அவள் ஜெனரேட்டர் பட்டறையில் ஃபிட்டர். பெண் ஃபிட்டரா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்தே வாய் வலித்துப்போனவள். இந்த வீட்டு ஷெட்டில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் யாருக்கும் அப்பாவின் பெயர் தெரியாது. எல்லாருக்கும் அவர் 'டிரைவர்'தான். பழைய இஞ்ஜினைக் கழற்றி எடுத்த பிறகும் தினமும் காலையில் வந்து, இஞ்ஜின் இல்லாத ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வார். எதனோடும் சேராத கிளட்சை மிதித்து, கியர் மாற்றி, கண்ணாடியைத் துடைப்பார். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டபோது, வேறு யாரையோ என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் நின்று அதைப் பார்த்த அன்றுதான் அவள் முடிவு செய்தாள்.

பயம் இல்லாமல் இல்லை. கையில் ஸ்பேனர் இருக்கும்வரை பயம் கொஞ்சம் தள்ளியே நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்தபோது அப்பா எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சண்டை முடிஞ்சுதா? ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டீங்களா?"

"சாவியைப் போடுங்கப்பா."

சாவி திரும்பியது. இஞ்ஜின் முக்கியது, முனகியது, நின்றது. மறுபடியும் அதே.

"இரும்புக் கடைக்காரனுக்குப் போன் போடட்டுமா?" என்றான் அண்ணன்.

"போடு. வரும்போது உன்னையும் எடை போட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லு."

டீசல் குழாயில் காற்று நின்றால் இஞ்ஜின் கிளம்பாது. அவள் குழாயின் மூட்டைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்தாள். நுரை வந்தது. அடித்துக்கொண்டே இருந்தாள். தோள் எரிந்தது. நுரை மெல்ல மெல்லக் குறைந்து, சுத்தமான டீசல் விரல்களில் வழிந்த பிறகுதான் மூட்டை இறுக்கினாள்.

"இப்போ."

ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. கரும்புகை அண்ணனின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. அப்பா பல் தெரியச் சிரித்தார்.

"பாப்பா, நீ கெட்டிக்காரிம்மா!"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போயிட்டு வாங்கப்பா" என்று டயரைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டல் வெளியில் ஜீப் இறங்கியது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திற. பாரு."

ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போனது. கூடவே ஓடிய தெருநாய் ஜீப்பை முந்திப் போய் நின்று, என்ன ஆச்சு என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

"என்ன இது?" என்றான் அண்ணன்.

"ஜெனரேட்டர் இஞ்ஜின். ஒரே வேகத்துல சுத்துறதுக்குன்னே செஞ்சது. இழுவை உண்டு, ஓட்டம் கிடையாது. டீசல் பம்ப்புல வேகத்தை அடக்கி வைக்கிற ஸ்க்ரூ ஒண்ணு இருக்கு. அதையும் நேத்து அப்பா தூங்கும்போது இறுக்கிப் பூட்டிட்டேன். எப்படி மிதிச்சாலும் நாப்பதைத் தாண்டாது."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவார். வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு."

"அம்மா சத்தியமா திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குள் ஏதோ உறுத்தியது. இஞ்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணக்கிடுவது பட்டறையில் அவள் தினமும் பார்க்கிற வேலை. பொட்டலில் போவது நாற்பது இல்லை. இருபத்தைந்துகூட இருக்காது.

அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஜீப்பை நிறுத்தினார். முகமெல்லாம் புழுதி. தள்ளி நின்ற மகனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மகளை மட்டும் விரலசைத்துக் கூப்பிட்டார். இஞ்ஜின் சத்தத்தில் அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே, கேலி பண்ணுவான். நாப்பது எனக்கு ஜாஸ்தி பாப்பா, அதான் நீங்க கேட் பக்கத்துல சண்டை போட்டுட்டிருந்தப்போ, நீ பூட்டி வச்ச ஸ்க்ரூவை நான் இன்னும் ரெண்டு சுத்து இறக்கிட்டேன்."