பித்தளைப் பூட்டை நக்கிய எலி

ஆராய்ச்சிக்கூடத்துக் கூண்டு ஒன்றில் கீச்சி, தொப்பை என்று இரண்டு வெள்ளெலிகள் இருந்தன. நாளாக ஆக இரண்டின் காதும் வெளுத்துக்கொண்டே வந்தது. ரத்தம் குறைகிறது என்று சொல்லி, தீனி போடுகிறவர் தீனியில் இரும்பைக் கூட்டினார். அப்படியும் வெளுத்தது. இன்னும் கூட்டினார்.

ஒருநாள் கீச்சி பாதித் தீனியைத் தின்றுவிட்டு, மீதியைப் பின்னங்காலால் எத்தித் தள்ளியது. பிறகு கம்பி வழியே நாக்கை நீட்டி, கூண்டின் பித்தளைப் பூட்டை நக்க ஆரம்பித்தது.

"ஏ புள்ளே, போடுறதைத் தின்னு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றது தொப்பை.

"போட்ட இரும்பெல்லாம் ஈரல்ல மூட்டை மூட்டையாக் கிடக்கு, அண்ணே. அதைக் கிளப்பி ரத்தத்துல சேர்க்கச் செம்பு வேணும். தீனியில அது பொட்டுக்கூட இல்ல. பித்தளையில இருக்கு."

"பார்த்தார்னா பூட்டை மாத்திடுவார்."

"மாத்தட்டும். அதுவரைக்கும் நக்குவேன்."

தொப்பை முனகிக்கொண்டே கீச்சி தள்ளிவிட்டதையும் சேர்த்துத் தின்றது.

சில வாரங்களில் கீச்சியின் காது சிவந்து மினுமினுத்தது. தொப்பையால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை. தீனி போடுகிறவர் கீச்சியைக் கையில் எடுத்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"நான் சொன்னேன்ல, இரும்பு வேலை செய்யுது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, தொப்பையின் தட்டில் இன்னொரு பிடி குவித்தார்.

தொப்பை அந்தக் குவியலையே கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு அதற்கு முதுகைக் காட்டி, தட்டுத்தடுமாறிக் கம்பியோரம் வந்து சேர்ந்தது.

"கொஞ்சம் நகரு, புள்ளே" என்றது.