வால்வு சூடேறும் வரை

என் வீட்டுக்காரர் கருணாகரன் கேசட்டைப் போட்டு ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைத் தட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

“ஏனுங்க, சுடுதண்ணி வேண்டாமுங்களா?” என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயரின் முன்புறம் பழைய காலத்துக் கண்ணாடி வால்வுகள் இரண்டு. உள்ளே டிரான்சிஸ்டர்கள். வால்வு சூடேறிச் சிவக்கும் வரை பாட்டு வராது. “பாதி கிழவன், பாதி எளவட்டம். கிழவன் கண்ணு முழிக்காம எளவட்டம் வாயத் தொறக்காதுங்க” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது யாரும் வருவதில்லை. தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். அங்கே அவர் எலக்ட்ரீஷியன். அன்று காலைதான், அவர் பார்த்துப் பார்த்து ஓடவைத்த மோட்டார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜன்னலில் நின்று பார்த்தவர், “கயிறு நல்லாத்தான் கட்டியிருக்கானுங்க” என்று மட்டும் சொன்னார்.

வால்வுகள் சிவந்தன. நாதஸ்வரம் வீட்டை நிறைத்தது.

எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்காது.

எங்கள் குழந்தை பிறந்து, தங்காமல் போன வருடம் வந்தது அது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். இவர் கோயம்புத்தூர் போய், பஸ்ஸில் மடியிலேயே வைத்து அதைக் கொண்டுவந்தார்.

அந்த நாட்களில் நான் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒற்றைச் சுவர்தான். வெளியே இவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். பெண்டாட்டி அழும்போது பாட்டுக் கேட்கிற மனிதன் என்று நெஞ்சுக்குள் முடிந்துவைத்துக்கொண்டேன். முகம் கழுவி வெளியே வந்தால், வால்யூம் குமிழில் கை வைத்தபடி பெட்டியருகிலேயே நிற்பார். பெட்டிமேல் அத்தனை ஆசை என்று நினைத்தேன்.

கரண்ட் போனது.

நாதஸ்வரம் அறுந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கு அடியில், அடக்கிய விம்மலாக இன்னொரு சத்தம்.

சுடுதண்ணீர் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

சட்டென்று குழாய் மூடியது. உள்ளே அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

கரண்ட் வந்தது. வால்வுகள் இன்னும் கறுத்தே இருந்தன.

பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். “அங்கம்மாக்கா, உங்க ஊட்லயும் கரண்ட் போச்சுங்களா?” என்று கத்தினேன்.

“ஏன் கண்ணு இந்தக் கத்து, கேத்தி ஊரு வரைக்கும் கேக்கோணுமா? எல்லாத்துக்கும் ஒரே லைன்தான!” என்றது சுவர்.

“கேரட்டு என்ன வெலைங்கக்கா இன்னிக்கு?”

அக்கா சொன்ன பதிலைக் காதில் வாங்காமலே அடுத்ததைக் கேட்டேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைத் தரையில் உருட்டினேன்.

கிழவன் கண் விழித்தான். நாதஸ்வரம் எழுந்தது. குமிழை இன்னும் கொஞ்சம் திருகினேன்.

குழாய் மறுபடி திறந்தது.

குமிழிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன். பாட்டு என் காதில் விழவில்லை. குழாய் எப்போது மூடும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.